பேபி ஆஸ்டினைச் சுற்றிய பழைய நம்பிக்கைகள்

"அந்தக் காலத்து இரும்பு, சார். இன்னும் நூறு வருசம் ஓடும்."

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் பழைய கார் ஒன்று வந்து நின்றால், சுற்றி நிற்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கார்களை மலையகத்தில் அதிகம் அழித்தது இந்தப் பேச்சுத்தான் என்பது என் எண்ணம். இரும்பு தன்பாட்டில் நிற்கும் என்று நம்பியவர்கள் காரைக் கொட்டகையில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் வளர்ந்து கதவைத் திறந்தபோது கார் இருந்தது. காரைத் தாங்கிய பாதி இல்லை.

அந்தப் பாதி மரம். அந்தக் காலத்துப் பல கார்களின் உடல் மெல்லிய தகடு. அந்தத் தகட்டை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது ஆஷ் மரச் சட்டம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பின் உப்புக்காற்று இங்கே இல்லை என்பது உண்மை. ஆனால் மாதக்கணக்கில் விலகாத மூடுபனி இருக்கிறது, அந்த ஈரம் மரத்தின் மூட்டுகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பழைய கார் வாங்கப் போகிறவர் பெயின்டைத் தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டு, கதவின் கீழ்ச்சட்டத்தில் ஒரு கூர்ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் ஊசியை எதிர்க்கும். உளுத்த மரத்தில் ஊசி சத்தமில்லாமல் இறங்கும், வெளியே எடுத்தால் முனையில் ஈரத்தூள் ஒட்டியிருக்கும். கதவைத் திறந்து, கீல் இருக்கும் பக்கம் மெல்லத் தூக்கிப் பாருங்கள். கீலோடு சேர்ந்து தூணும் அசைந்தால் உடலை முழுதாகக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

மாற்றுச் சட்டம் போடும்போது "தேக்குப் போடுங்க, அழியாது" என்பார்கள். தேக்கு கனம் கூடியது. அதிலுள்ள எண்ணெய் பசையைச் சரியாகப் பிடிக்கவிடாது. ஆஷ் போல ஆவியில் வளைந்து கொடுப்பதும் இல்லை. நேரான துண்டுகளுக்குப் பயன்படுத்தலாம்; கூரையின் வளைவுக்கும் சக்கர மேல்வளைவுக்கும் அது ஒத்துவராது.

தோட்டங்களில் இன்னொரு தவறும் நடந்திருக்கிறது. காருக்கு இடமில்லாதபோது பழைய உர ஸ்டோரில் நிறுத்தினார்கள். மழை படாத, பூட்டுள்ள நல்ல கட்டடம் என்ற நினைப்பு. தேயிலைக்குப் போடும் அமோனியம் சல்பேட் தூள் ஈரத்தை இழுக்கும். அதிலிருந்து கிளம்பும் அமோனியா பித்தளையை வெடிக்க வைக்கும், செம்புக் கம்பியை அரிக்கும். ரேடியேட்டர், கார்புரேட்டரின் சிறு பாகங்கள், விளக்கு வளையங்கள், வயரிங் எல்லாமே அந்த இரண்டு உலோகங்கள்தாம். உர ஸ்டோரில் நின்ற கார் என்று தெரிந்தால் பித்தளைப் பாகங்களை ஒவ்வொன்றாக உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது நல்லது. மயிரிழை போன்ற விரிசல் வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

இனி எஞ்சின். மலையகத்தில் பேபி ஆஸ்டின் என்று பெயர் பெற்ற ஆஸ்டின் செவனை வைத்தே பேசுகிறேன். 1922இல் இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜில் ஹெர்பர்ட் ஆஸ்டின் இதைக் கொண்டுவந்தார். வரைபடம் போட உதவிய ஸ்டான்லி எட்ஜுக்கு அப்போது வயது இருபதைத் தொடவில்லை. நான்கு சிலிண்டர், 747 சிசி. 1939 வரை ஏறத்தாழ 2,90,000 கார்கள் வெளிவந்தன. ஆரம்ப கால எஞ்சினின் வலு பத்தரைக் குதிரைத்திறன்தான்.

"ஒயில் மீட்டர் ஏறவே இல்லை, எஞ்சின் போயிடுச்சு. கெட்டி ஒயில் ஊத்துங்க." இந்த ஆலோசனையால் நல்ல எஞ்சின்கள் கெட்டிருக்கின்றன. இன்றைய காரில் ஒயில் அழுத்தம் நாற்பது, ஐம்பது பவுண்ட் காட்டும். ஆஸ்டின் செவனில் சூடான பிறகு ஒற்றை இலக்கத்தில் நின்றால் அதுவே இயல்பு. கிராங்க் தண்டைத் தாங்குவது குண்டு, உருளைப் பேரிங்குகள். அவற்றுக்கு உயர் அழுத்தம் வேண்டியதில்லை. கனெக்டிங் ராடின் வெள்ளை உலோகப் பேரிங்குகளுக்கு, கிராங்க் கேசில் உள்ள இரண்டு நுண்ணிய ஜெட்டுகள் ஒயிலைப் பீய்ச்சியடிக்கின்றன. சுழலும் கிராங்க் அதை ஏந்திக்கொண்டு துளை வழியே உள்ளே அனுப்புகிறது. முழு எஞ்சினின் உயிரும் அந்த இரண்டு ஜெட்டுகளில் இருக்கிறது. ஜனவரி காலையில் புல்லில் உறைபனி கிடக்கும் ஊரில் கெட்டி ஒயில் ஊற்றினால், முதல் சில நிமிடங்களுக்கு ஜெட் வழியாகப் போதிய ஒயில் போகாது. முள் மட்டும் அழகாக ஏறி நிற்கும். முள்ளைப் பார்த்து மகிழ்ந்தவர் சில மாதத்தில் பேரிங் தட்டும் சத்தத்தைக் கேட்பார். செய்ய வேண்டியது, எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் திருகு மூடிகளைக் கழற்றி, மெல்லிய கம்பியால் ஜெட்டுகளைச் சுத்தம் செய்வது. எஞ்சினைப் பிரிக்காமலே செய்யக்கூடிய வேலை.

இதன் மறுபக்கமும் உண்டு. "இன்றைய டிடர்ஜென்ட் ஒயில் பழைய எஞ்சினுக்கு விஷம்" என்பார்கள். எஞ்சினைப் பிரித்து, கிராங்கின் துளைகள் வரை கழுவிப் பூட்டியிருந்தால் இன்றைய ஒயில் தாராளமாக ஊற்றலாம். பிரிக்காத எஞ்சினில்தான் ஆபத்து. ஐம்பது வருடமாகப் படிந்த சேற்றை அந்த ஒயில் கரைத்து நகர்த்தும், அது வந்து அடைக்கும் இடம் மேலே சொன்ன அதே ஜெட்டுகள். கியர்பெட்டிக்கும் பின் அச்சுக்கும் கதை வேறு. உயர் அழுத்தத்துக்கென வரும் சில கியர் ஒயில்களில் உள்ள கந்தகச் சேர்மம் வெண்கலப் புஷ்ஷை அரிக்கும். கடைக்காரர் "இதுதான் பெஸ்ட்" என்று நீட்டுவதை அப்படியே வாங்காமல், மஞ்சள் உலோகத்துக்குப் பாதுகாப்பானதா என்று கேட்டு வாங்குங்கள்.

"ஓடாத காரை வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வைக்கணும்." அன்போடு செய்யப்படும் கெடுதல் இது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் முழுதாகச் சூடானால் அது ஆவியாகப் போய்விடும். ஐந்து நிமிடம் மட்டும் ஓடி, சூடேறாத எஞ்சின் உள்ளே அது நீராகவே தங்கி, எரிந்த ஒயிலின் அமிலத்தோடு கலக்கிறது. நீண்டகாலம் இப்படி வைத்திருந்த காரின் சம்ப் மூடியை மெதுவாகத் திருகித் திறந்தால் முதலில் சொட்டுவது ஒயில் அல்ல. கலங்கிய தண்ணீர் வரும், அதன் பின்னால் மோர் நிறத்தில் ஒரு குழம்பு வரும், கடைசியில்தான் கறுப்பு ஒயில். ஹட்டனிலிருந்து டிக்கோயா வரை ஓட்டிப் போய்த் திரும்புங்கள், இல்லாவிட்டால் தொடாமல் விடுங்கள்.

குளிரூரில் ரேடியேட்டர் கொதிக்காது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பேபி ஆஸ்டினில் தண்ணீர் பம்ப் கிடையாது. சூடான நீர் மேலேறி, குளிர்ந்த நீர் கீழிறங்கும் இயல்பான ஓட்டம்தான். மேல் குழாய் வாய்க்குக் கீழே நீர்மட்டம் இறங்கிவிட்டால் அந்த ஓட்டமே அறுந்துபோகும். கினிகத்தேனை ஏற்றத்தில் முதல் கியரில், காற்றும் வாங்காமல் ஊர்ந்து வரும்போது வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் கொதிக்கும். ஸ்டியரிங் நடுவில் பற்றவைப்பை முன்பின் தள்ளும் சின்ன லீவர் உள்ள கார்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லீவரைப் பின்தள்ளிய நிலையிலேயே மறந்து ஏறினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். பழைய டிரைவர்மார் அந்த லீவரிலிருந்து விரலை எடுக்கவே மாட்டார்கள்.

அதே உயரம் கார்புரேட்டரையும் ஏமாற்றுகிறது. கொழும்பில் சரியாக டியூன் செய்த கார் நுவரெலியாவுக்கு வந்ததும் கறுப்புப் புகை விடும். காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்க, பெட்ரோல் பழைய அளவில் போகிறது. வலுவும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். "ரிங் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும்" என்று சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். கறுப்புப் புகை பெட்ரோல் கூடியதன் அடையாளம். ஒயில் எரிந்தால் புகை நீலமாக வரும். நீலம் கண்ட பிறகு ரிங்கைப் பற்றிப் பேசலாம்.

பெட்ரோல் பற்றிய பயம் தேவையற்றது. ஈயம் கலந்த பெட்ரோல் இலங்கையில் 2002இல் நின்றது. அதற்குப் பிறகு பழைய கார்களுக்கு வாழ்வில்லை என்று பேசிக்கொண்டார்கள். போருக்கு முந்திய சாதாரண எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு. அன்றைய பெட்ரோலின் ஒக்டேன் இன்றைய 92ஐவிட வெகு கீழே இருந்தது. பெட்ரோல் செட்டில் கிடைக்கும் 92 அவற்றுக்குப் போதும், மீதியும் உண்டு. 95 ஊற்றுவதால் வேகம் கூடாது. மண்ணெண்ணெய் கலப்பது மட்டும் கூடவே கூடாது. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கிவிடும்.

இனி, கேட்டாலே என் நெஞ்சு பதறும் ஒரு வழக்கம்: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது. லபுக்கலையிலிருந்து இறம்பொடைக்கு இறங்கும் பாதையை நினைத்துப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகள், ஒருபக்கம் தேயிலை மலை, மறுபக்கம் பள்ளம். 1930க்கு முந்திய ஆஸ்டின் செவனில் கால்மிதி பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும், கைலீவர் முன்சக்கரங்களை மட்டும் பிடிக்கும். இரண்டும் கேபிளால் இயங்குபவை. ஆரம்ப கால கியர்பெட்டிகளில் சிங்க்ரோமெஷ் கிடையாது. வேகம் ஏறிய பிறகு நியூட்ரலிலிருந்து மறுபடி கியருக்குள் தள்ள, டபுள் கிளட்ச் அடித்து எஞ்சின் வேகத்தைச் சரியாகப் பொருத்த வேண்டும். பதற்றத்தில் அது கைகூடாது. பற்கள் கறகறவென்று அரைக்கும், கியர் விழாது. பிறகு அந்தச் சின்ன டிரம்முகள் மட்டும்தான் காரைப் பிடிக்க வேண்டும். அவை சூடேறச் சூடேறப் பிடிப்பு தளரும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பதுதான் மலைநாட்டு டிரைவர்மாரின் விதி. இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து, எஞ்சினை வைத்துக் காரைத் தடுக்க வேண்டும். பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் "அப்படியானால் ஹைட்ராலிக் பிரேக் போட்டுவிடலாமே" என்று தோன்றும். போருக்கு முன்பே ஹைட்ராலிக் வந்துவிட்டது; 1935இன் மோரிஸ் எய்ட்டில் இருந்தது. ஆனால் கேபிள் பிரேக் பலவீனமாகத் தெரியும் கார்களில் பெரும்பாலானவற்றில் குறை கேபிளில் இல்லை. டிரம் வட்டம் தப்பியிருக்கும், நான்கு சக்கரமும் சமமாகப் பிடிக்காது, மூட்டு ஊசிகள் தேய்ந்திருக்கும். நான்கு சக்கரத்தையும் தூக்கி நிறுத்தி, ஒருவர் மிதியை அழுத்த, மற்றவர் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சரிசெய்ய ஒரு முழுநாள் போகும். அந்த நாளைச் செலவழிக்காமல் வேறு அமைப்புக்கு மாற்றக் கூடாது. ஒரு எச்சரிக்கை: பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்தால் தூசியை ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கட்டி எறியுங்கள்.

6 வோல்ட் என்றால் மங்கல் விளக்கு, 12க்கு மாற்றாமல் முடியாது என்பதும் இந்த வகைதான். அதே வெளிச்சத்துக்கு 6 வோல்ட்டில் இருமடங்கு மின்னோட்டம் ஓட வேண்டும். அதனால் கம்பி தடிப்பாக இருக்க வேண்டும், சேசிஸைத் தொடும் எர்த் இடங்கள் பளிச்சென்று சுத்தமாக இருக்க வேண்டும். இந்த ஊர் ஈரத்தில் பச்சை பிடித்துக் கிடக்கும் எர்த்தைச் சுரண்டிப் பூட்டினாலே பாதிக் காரியம் முடிந்துவிடும். டயரைப் பற்றி ஒரே வார்த்தை: பட்டன் தேயவில்லை என்பதற்காகப் பழைய டயரை நம்பாதீர்கள், ரப்பருக்கும் வயதாகும்.

உதிரிப்பாகம் கிடைக்காது என்று சொல்லி வெட்டி விற்கப்பட்ட கார்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி இல்லை என்றதும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆஸ்டின் செவன் நிறைய ஓடிய கார் என்பதால் அதன் பேரிங், கேஸ்கட், பிரேக் கேபிள், 19 அங்குல டயர் வரை பிரித்தானியாவில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். அதிகம் ஓடாத, ஆடம்பரமான காருக்குத்தான் உண்மையில் திண்டாட்டம். முதல் பழைய கார் வாங்குகிறவருக்கு எளிய காரே நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது விலை பற்றிய கனவு. "வெளிநாட்டுக்காரனுக்குக் கொடுத்தால் கோடிக்கணக்கில் வரும்." இலங்கையில் 1945க்கு முன் முதற்பதிவான பயணிகள் மோட்டார் வாகனத்தை அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றுமதி செய்ய முடியாது. யானைத் தந்தம், கருங்காலி, சங்கு, பவளம் ஆகியவற்றோடு அரசு இதையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. இந்த மண்ணின் சொத்து என்று சட்டம் ஏற்றுக்கொண்ட பொருள் உங்கள் கொட்டகையில் நிற்கிறது. இங்கே அதற்கு மதிப்பைத் தருவது புதுப் பெயின்ட் இல்லை. பழைய பதிவுப் புத்தகமும், எண்கள் ஒத்துப்போகும் எஞ்சினும், முதலில் போட்ட தோல் இருக்கையும்தான். தேய்ந்திருந்தாலும் தோலைக் கிழித்து எறிந்து புது ரெக்சின் போடாதீர்கள். ஒருமுறை போனால் அது திரும்பி வராது.

பதிவுப் புத்தகத்தில் யார் பெயர்கள் இருக்கின்றன? தோட்டத்தின் பெயர், கம்பெனியின் பெயர், துரையின் பெயர். அங்கிருந்து வருகிறது எல்லாவற்றிலும் பெரிய தவறான நம்பிக்கை: இந்தக் கார்களைப் பேணிக் காத்தவர்கள் துரைமார் என்பது. வெள்ளைக்காரன் வைத்திருந்த விதமே வேறு என்று இன்றைக்கும் பெருமூச்சு விடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

துரை ஓட்டினார். 1934இல் மகாகஸ்தோட்டத் தேயிலை மலைப்பாதையில் தொடங்கிய மலையேற்றப் போட்டியில் பந்தயம் விட்டவர்களும் அவர்கள் வட்டத்தினரே. ஆனால் விடியற்காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, கிராங்க் கம்பி போட்டுச் சுற்றி, கிரீஸ் நிப்பிள்களுக்கு ஒவ்வொன்றாகக் கிரீஸ் அடித்தது தோட்டத்து டிரைவர். பேரிங் போனால் கொழும்புக்கு அனுப்பிக் காத்திருக்க நேரம் இருக்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் வொர்க்ஷாப்பில் லேத் இருந்தது, உலை இருந்தது, கைதேர்ந்த ஃபிட்டர் இருந்தார். கண்டியில் 1854இல் தொடங்கிய வோக்கர்ஸ், ஹட்டனில் 1875இல் தொடங்கிய பிரவுண்ஸ் போன்ற எஞ்சினியரிங் கம்பெனிகள் இந்த மலைகளில் வளர்ந்ததே கோப்பி, தேயிலை யந்திரங்களை நம்பித்தான். ரோலரையும் டிரையரையும் பெல்ட்டால் சுழற்றிய எஞ்சினுக்கு வெள்ளை உலோகம் வார்த்தவர், அதே கையால் துரையின் காருக்கும் வார்த்தார்.

அந்த வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். செய்தவர் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற ஃபிட்டர். கனெக்டிங் ராடைச் சுத்தம் செய்து, ஈயம் பூசி, நடுவில் ஒரு உருளையை நிறுத்தி, சுற்றிலும் களிமண்ணால் அடைத்தார். உருகிய உலோகத்துக்குள் உலர்ந்த பைன் குச்சி ஒன்றை விட்டு எடுத்தார். குச்சி கருகினால் சூடு பதம், தீப்பிடித்தால் சூடு அதிகம் என்றார். "தம்பி, ஊத்த ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாது. நிறுத்தினா அந்த எடத்துல கோடு விழும், ஓடுறப்ப அங்கதான் ஒடையும்." ஒரே மூச்சில் ஊற்றினார். ஆறிய பிறகு ஆணியில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினார், மணிபோல ஒலித்தது. உலோகம் இரும்போடு ஒட்டவில்லையென்றால் மொத்தையான சத்தம் வருமாம்.

அப்படிப்பட்ட கைகளில் பல நம்மை விட்டுப் போய்விட்டன. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்தது. தலைமன்னாரில் கப்பலேறிக் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போனவர்களில் கொழுந்து பறித்தவர்களோடு டிரைவரும் ஃபிட்டரும் எஞ்சின்காரரும் இருந்தார்கள். 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசிடம் போக, துரைமார் கார்களை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்கள். கார் ஒருவர் கையிலும், அதைத் தெரிந்தவர் வேறொரு நாட்டிலுமாகிப் போனது. கொட்டகைகளில் கார்கள் உளுத்துப்போன கதையை இதைச் சொல்லாமல் சொல்ல முடியாது.

மிஞ்சியிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் தொழிற்சாலை வொர்க்ஷாப்பில் வேலை செய்து ஓய்வுபெற்ற பாஸ்மாரை விசாரித்தால் யாராவது ஒருவர் கிடைப்பார். காரைப் பிரிப்பதற்கு முன்பே அவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். பிரித்துப் பெட்டிகளில் போட்ட பிறகு அவராலும் அதிகம் சொல்ல முடியாது. கூலியை அவர் கேட்பதற்கு முன்பே பேசி முடியுங்கள். அவர் வெள்ளை உலோகம் வார்க்கும்போது பக்கத்தில் ஒரு இளைஞனை நிறுத்துங்கள். பழைய காருக்கென்று எல்லோரும் ஒரு கோப்பு வைத்திருப்பார்கள். பற்றுச்சீட்டுகள், படங்கள், அளவுகள். அதன் முதல் பக்கத்தில், இந்தக் காரில் இதுவரை கைவைத்தவர்களில் தெரிந்தவர்களின் பெயர்களையும் அவர்கள் செய்த வேலையையும் தேதியோடு எழுதி வையுங்கள். பதிவுப் புத்தகத்தில் அதற்கு இடம் விடவில்லை.